தங்கை வீட்டுக்கு நானா போட்ட படம்

கோவில்பத்திலிருந்து வந்த தையல்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே சொன்னார்: "அண்ணே, படக்கார நானா போயிட்டாங்க." என் கையிலிருந்த வலை ஊசி நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மராமத்து ஆபீசில் நிலப்படம் வரைந்த சலீம் நானாவை உங்களில் பலர் அறிவீர்கள். முஸ்லிம் வீடுகளில் அண்ணன் என்றால் நானா; எங்களுக்கும் அவர் நானாதான். என்னளவு அறிந்தவர் காரைக்காலிலேயே கிடையாது.

எழுபதுகளின் கடைசியில், முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்த எங்கள் குப்பத்துக்கும் தெற்கே இருந்த குப்பத்துக்கும் வலையறுத்த தகராறு. யாரும் அக்கரைக்குப் போகக் கூடாது. போனால் ஊரை விட்டுத் தள்ளிவைப்பு. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்விக்கு அப்போது நிறைமாதம். அவள் வீட்டுக் கூரை இக்கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்கும். ஒற்றைக் கையால் சுறாவை இழுத்துப் போட்டவன் நான். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட முடியவில்லை.

எல்லை பிரித்துப் படம் போட இரண்டு ஊரும் நானாவைக் கூப்பிட்டன. தங்கை அங்கே என்பதால் என்மேல் சந்தேகம். படம் முடியுமட்டும் அவரோடு என்னையும் வலைக்கொட்டகையில் இருத்தினார்கள். வெளியே எங்கள் ஆட்கள் கோடாலி தீட்டினார்கள். அக்கரையின் மூன்று பனைகளையும் வெட்டிச் சாய்ப்பதாகப் பேச்சு.

"கடல்லேர்ந்து பார்க்காம கரையை எப்படிங்க வரையறது?" என்றார் நானா. காவலுக்கு ஆள் போட்டுத்தான் எங்கள் இருவரையும் படகில் விட்டார்கள். அன்று அலை கோபுர உயரம். நான் இல்லையென்றால் நானா அன்றே மவுத்து.

"மீன் கிடக்கற பாறையை எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"அந்த மூணு பனைக்கு நேரா பள்ளிவாசல் மினாரா, இந்தப் புன்னைக்கு நேரா கோயில் கோபுரம். ரெண்டு நேரும் கூடுனா அடியில பாறை."

"பனை யாரு வூட்டுதுங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாய் மூடியதை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

காடாத் துணியில் வந்தது படம். மணல்மேட்டுக்குத் தேயிலைச் சாயம், முகத்துவாரத்துக்கு நீலம். கடலில் நின்று பார்த்த கரை அது. எல்லைக்கோடு மட்டும் இல்லை. அவர்கள் பனையிலிருந்தும் எங்கள் புன்னையிலிருந்தும் கோடுகள் கிளம்பிக் கடலுக்குள் போய், இரண்டு ஊரும் மீன்பிடிக்கும் பாறையில் கூடின.

"எல்லை எங்க, நானா?" என்றார் எங்கள் ஊர்த்தலைவரான நாட்டார்.

நானா ஈரத்துணியைக் கையில் எடுத்தார். "வெட்டப்போற மரத்தைச் சொல்லுங்க. அந்தக் கோட்டை அழிச்சுத் தர்றேன்."

தினமும் கடலில் தேடிய பனையைக் கரையில் கோபத்தோடு நின்றபோது மறந்திருந்தோம். "அட பாவிகளா, நம்ம சோத்துச் சட்டியையா உடைக்கப் போனோம்?" என்றார் கோடாலிக்காரர் ஒருவர்.

பனை பிழைத்தது, வழி திறக்கவில்லை. படத்தோடு நானா அக்கரைக்குப் போய்ப் பேசியதில் பெண்கள் மட்டும் போய்வரலாம் என்றாயிற்று. அம்மா போனாள். பிள்ளை பிறந்த அழுகையை நான் இக்கரையில் நின்று கேட்டேன்.

மறுவாரம் நானா ஒரு காகிதம் கொண்டுவந்தார். செல்வியின் வீடு, உள்ளே இருப்பது அத்தனையும்: வாசல், அடுப்பு, உறி, தூளி. தூளியருகே அவர் கையெழுத்து: "மருமகன். மூக்கு உங்களுதுதான்."

"பார்த்துக்கங்க தம்பி. போறப்ப எது எங்கன்னு யாரையும் கேக்க வேணாம்."

தடை நீங்கி நான் போனபோது பையன் நடக்கிறான், தூளியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது தொங்கிய உத்தரத்தடிக்கு நான் நேரே போய் நின்றேன். செல்விக்கு ஆச்சரியம்.

பெரிய படம் எந்த ஊரில் மக்கிற்றோ, தெரியாது. காகிதம் என்னிடம் இருக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன். கையில் மட்டும் தரமாட்டேன்.