"பரவாயில்லை" என்று சொன்ன வெர்னா

வெர்னா ஹால்வர்சன் வாயிலிருந்து 'முடியலை' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடக்கு மூலையில், அவள் ஊரில் யார் வாயிலிருந்துமே அது வராது. கால் முறிந்து கிடப்பவனை விசாரித்தாலும் "பரவாயில்லை, இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்" என்பான். கேட்டவரும் அதோடு விடமாட்டார். எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே மறுபடி கேட்பார், இன்னொரு தடவையும் கேட்பார். அப்புறம்தான் உண்மை வெளியே வரும். அங்கே அதுதான் மரியாதை.

பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கியவள் வெர்னா. இந்த வருஷம் இலை உதிரத் தொடங்கியதிலிருந்து தட்டுகளை அடுக்கினாலே மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். உள்ளூர் நர்ஸ் பயந்துபோய் நகரத்து இதய நிபுணரிடம் அனுப்பினாள். அவரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் குளிர்காலம் பாதி போய்விட்டது.

கணவன் ஆரின் பனியில் வண்டியை ஊர்ந்து ஓட்டி அவளைக் கொண்டுவந்து சேர்த்தான். காத்திருந்து காத்திருந்து கடைசியில் டாக்டர் விட்காம் வந்தார். உட்காரவில்லை. கண் கம்ப்யூட்டரில்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"பரவாயில்லை டாக்டர்."

"நெஞ்சு வலி?"

"அப்படியொண்ணும் பெரிசா இல்லை."

"ஈசிஜி நல்லாத்தான் இருக்கு. வயசாகுதில்ல? உடம்பைக் கொஞ்சம் குறைங்க. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

அடுத்த கேள்விக்காக வெர்னா காத்திருந்தாள். அவர் அதற்குள் கதவருகே போய்விட்டார். கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப் அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கொண்டுவந்த ஜாம் பாட்டிலை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார். என்ன பெரிய நிபுணர்! தர்பூசணி வாங்குகிறவன்கூட இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பான்.

வண்டிக்கு வரும்வரை வெர்னா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தாள்.

"என்ன சொன்னார்?" என்றான் ஆரின்.

"உடம்பைக் குறைக்கணுமாம்."

"மூச்சு வாங்குறதைச் சொன்னியா?"

"எங்கே கேட்டார்? ஒரே ஒரு தடவை கேட்டுட்டு ஓடிட்டார்!"

"நகரத்துல ஒரு தடவைதான் கேப்பாங்க போல."

"அப்படியா? நான் செத்தப்புறம் உன்கிட்ட வந்து எப்படி இருக்கான்னு கேக்கட்டும். 'பரவாயில்லை'ன்னு சொல்லு!"

ஆரின் எஞ்சினை அணைத்தான். "அதை நான் சொல்ல மாட்டேன். இறங்கு, வா" என்றான்.

வரவேற்பு மேசைப் பெண் சிரித்த முகம் மாறாமல், டாக்டரை மறுபடி இனி கோடையில்தான் பார்க்க முடியும் என்றாள். வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் நல்லா இல்லை!"

காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கெட்ட வார்த்தை பேசிவிட்டவள்போல அவளுக்குக் காதுவரை சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை; பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"படி ஏற முடியலை. படுக்க முடியலை. உங்க டாக்டர் என் நெஞ்சுல அந்தக் குழாயை வைக்கிறவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு விட்காம் சிடுசிடுவென்று வந்தார். அவளை உள்ளே கூட்டிப்போனார்.

"நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க?"

"போற வழியில நின்னு கேட்டீங்க. அதுக்கு அவ்வளவுதான் பதில்."

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். நெஞ்சில் சில்லென்று பட்டது. ஓரிடத்தில் கேட்டார், நகர்த்தினார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். முகத்திலிருந்த சிடுசிடுப்பு காணாமல் போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

வெர்னா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் நர்ஸைக் கூப்பிட்டு உடனே படுக்கை தயார் பண்ணச் சொன்னார்.

"இதய வால்வு ரொம்பச் சுருங்கியிருக்கும்போல இருக்கு. இன்னிக்கு நீங்க வீட்டுக்குப் போகக்கூடாது."

"கொஞ்சம் முன்னாடி போகச் சொன்னீங்களே டாக்டர்?"

விட்காம் சட்டென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வெர்னா விடவில்லை. தன் ஊர் வழக்கப்படி அதையே மறுபடி கேட்டாள்.