ரெண்டு எழுத்து எழுதாததால் போன வாசல் கதவு

வெயிலில் காய்ந்த பனையோலை வாசனையும் புதுச் சீமை ஓட்டின் மண்வாசனையும் ஒரே வீட்டுக்குள் அடித்த காலம் அது. இடைசெவலுக்குப் பக்கத்தில் எங்கள் அரண்மனை. அரண்மனை என்றால்... இரண்டு அறை. முன்னறைக்கு ஓடு, பின்னறைக்கு ஓலை.

அறுபதுகளின் தொடக்கம். பஞ்சாயத்தில் வீட்டு வரிக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். வீடு ஓடா, கூரையா என்று எழுதித் திருப்பித் தரவேண்டும். ஓட்டு வீட்டுக்கு வரி கூடுதல். கெடு தாண்டினால் அபராதம். அதையும் கட்டாவிட்டால் ஜப்தி.

ஓடு என்று எழுத மனசு வரவில்லை. கூரை என்று எழுத மானம் இடம் தரவில்லை. இரண்டு தேசத்துக்கு எல்லை பிரிக்கிறவனைப் போல யோசித்தேன்... அந்த யோசனையில் இரண்டு தடவை பருத்தி வெடித்து ஓய்ந்தது.

ஒரு மத்தியானம் பஞ்சாயத்து பியூன் இரண்டு ஆட்களோடு வந்தார்.

"ஏலே, ரெண்டு எழுத்து எழுத ஒனக்கு எத்தன வருசம்லே வேணும்?"

"யோசிக்கேன் அண்ணாச்சி."

"நல்லா யோசி. காத்து வரட்டும்."

வாசல் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் தங்கச்சி எஸ்தரைப் பெண் பார்க்க நாகலாபுரத்திலிருந்து வருகிறார்கள். ஜப்தியான வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள்? ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. கதவை மீட்க ஓடினேன். கிளார்க் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். அம்மா சோறு தின்னவில்லை.

"யண்ணே, வாரவியளுக்குக் கதவத் தட்டுற செரமம் இல்ல பாரு" என்றாள் எஸ்தர்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெறும் நிலையைத் தடவிப் பார்த்தார்.

"கதவ எங்க தம்பி?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "பர்மாத் தேக்குல சொல்லியிருக்கோம் மாமா. கப்பல் தூத்துக்குடிக்கு வந்துட்டு. இழுத்துட்டு வர யானை கிடைக்கத்தான் லேட்டு."

காபி கொண்டுவந்த எஸ்தர் நின்றாள்.

"யானையும் இல்ல, பூனையும் இல்ல மாமா. அண்ணன் வரிக் காகிதம் குடுக்கல. ஜப்தி பண்ணிட்டுப் போய்ட்டாவ."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, நம்ம பட்டா மாத்துற மனு எங்கன கிடக்கு?"

"பெட்டிக்குள்ளதாம்ப்பா."

"எத்தன வருசமா?"

மாப்பிள்ளை அண்ணாந்து எங்கள் ஓடுகளை எண்ண ஆரம்பித்தார்.

"பாத்தியா தாயி" என்றார் அவர் எஸ்தரிடம். "எங்க வீட்டுலயும் ஒரு யானைக்காரன் இருக்கான். நீ வந்தாத்தான் காகிதம் வெளிய வரும்."

அந்த வருடமே கல்யாணம். நாகலாபுரத்து வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் காகிதமும் கெடு தாண்டியதில்லை.

இப்போது வரியைப் போனிலேயே கட்டுகிறோம். பிந்தினால் அபராதம் சத்தமில்லாமல் ஏறிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து திட்ட ஆள் இல்லை. கெடுவுக்கு ஒரு வாரம் முந்தி நாகலாபுரத்திலிருந்து மட்டும் போன் வரும்... "யண்ணே, கட்டிட்டியா?"

இரண்டு வருடமாக அந்த போன் வருவதில்லை. இரண்டு தடவையும் அபராதத்தோடுதான் கட்டினேன்.