அளவெட்டிக்கு மில்லிங் மெசின் பார்க்கப் போன சனிக்கிழமை

1986ஆம் ஆண்டு ஆவணி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அண்ணையும் நானும் குருநகரிலிருந்து அளவெட்டிக்குப் போய்வந்தோம். போக ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நாங்கள் போனது இரும்பைத் தானாகவே வெட்டும் பாவித்த மில்லிங் மெசின் ஒன்றை வாங்குவதா விடுவதா என்று பார்க்க. பழைய மெசின் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் இன்றைக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. வள்ளங்களின் என்ஜின் திருத்துகிற வேலை. அண்ணை மரியதாஸ் கடைசல் மெசினில் நிற்பார். படம் கீறுவது, அளவு கணக்குப் பார்ப்பது, ஆங்கிலப் புத்தகம் வாசித்துச் சொல்வது என் பங்கு. தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைகலை படித்திருந்தேன். கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வருவது நின்றுபோய், எல்லாவற்றையும் நாங்களே செய்யவேண்டிய காலம். என்ஜினையும் விசிறித் தண்டையும் இணைக்கும் கப்ளிங்குக்கு நேரான பள்ளம் ஒன்று வெட்டவேண்டும். அதை அண்ணை உளியாலும் அரத்தாலும் செய்தார். ஒன்றுக்கு அரை நாள் போனது. செய்ததில் ஒன்று கடலில் கழன்று, நாலு பேர் ஒரு பகல் முழுக்க மிதந்து கரை சேர்ந்தார்கள். அதன்பிறகு அண்ணைக்கு நித்திரை இல்லை.

காலை 7.10க்கு வீட்டிலிருந்து நடந்தோம். 7.45க்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் மினி பஸ் எடுத்தது. மல்லாகம்வரை ஆளுக்கு நாலு ரூபா. அண்ணையின் மடியில் ஒரு பிஸ்கற் ரின், அதற்குள் பழைய சாரத்துண்டில் சுற்றிய, வட்ட முகத்தில் முள் ஓடும் அளவுமானி. மெசின் பார்க்கப் போகிறவர் தன் அளவுமானியைத்தான் கொண்டுபோகவேண்டும், விற்பவருடையதை நம்பக்கூடாது.

மருதனார்மடம் தாண்டி, உடுவிலுக்குப் பிரியும் சந்தி பின்னால் போனதும் அண்ணை வாயைத் திறந்தார்.

"றீற்றா, ஏஜென்சிக்காரன் இந்த மாத முடிவுக்குள்ளை பதில் கேட்டவன். மெசினை வேண்டினா நான் நிக்கிறன். நீ வேண்டாமெண்டு சொன்னா வெளிக்கிடுறன்."

அவரை ஜேர்மனிக்கு அனுப்ப அம்மா சேர்த்து வைத்திருந்த காசுதான் மெசினுக்கும் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் முடிவை என் வாயிலிருந்து எடுக்கத்தான் என்னைக் கூட்டிப் போகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"உதை ஏன் என்ரை தலையிலை கட்டுறியள்?" என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சுன்னாகத்துக்குக் கிட்ட இராணுவ ஹெலி ஒன்று வானில் வந்தது. சாரதி பஸ்ஸை மரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டுத் திரும்பி, "ஒருத்தரும் இறங்காதேங்கோ. உவன் போகட்டும், பேந்து எடுப்பம்" என்றார். இருபது நிமிடம் அங்கேயே. பின்னால் இருந்த ஒரு அம்மா கறிக்குக் கொண்டுபோன முருங்கைக்காயை எண்ணிக்கொண்டிருந்தார். 9.05க்கு மல்லாகம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், பாதித் தூரம் பக்கங்கள் திறந்த ஒரு தட்டிவானில் தொற்றி, மீதி நடை. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே கனகசபை ஐயாவின் வீட்டைக் கண்டுபிடித்தபோது 9.50.

கனகசபை ஐயா ஜேர்மனியில் பதினாறு வருடம் மில்லிங் வேலை செய்தவர். அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடியபோது மெசினை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, இங்கே தொழிற்சாலை போட நினைத்திருந்தார். 83 கலவரத்தோடு கொழும்பில் இருந்த பங்காளி வெளிநாடு போய்விட, மெசின் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றது. இப்போது வெளிநாட்டில் இருந்த மகளிடம் போய்ச் சேரவேண்டும் என்று அவருடைய மனைவி பராசத்தி அக்கா விற்க நின்றார். ஐயாவுக்கு விற்க மனமில்லை.

இதை யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. அக்கா மெசினைப் புகழ்ந்துகொண்டிருந்தார், ஐயா குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"புதுசு மாதிரித்தான் பிள்ளை, ஒரு கீறல் இல்லை."

"எட்டு வருசம் ரெண்டு சிப்டிலை ஓடினது தம்பி. கொன்ட்ரோல் பெட்டிக்குச் சாமான் இனி எங்கையும் எடுக்கேலாது."

"இதுக்குக் கீழை போட்ட சீமெந்துக்கு என்ரை வீட்டிலை ஒரு மேல்மாடி எழும்பியிருக்கும்" என்றார் அக்கா.

மெசின் ஒரு ஆள் உயரம், பச்சை நிறம். பக்கத்தில் அலுமாரி அளவில் ஒரு பெட்டி. துளையிட்ட கடதாசி நாடாவை அதற்குள் கொடுத்தால், துளைகளை வாசித்து மேசையைத் தானே நகர்த்தி வெட்டும். கணினியால் ஓடும் இன்றைய சி.என்.சி. மெசின்களுக்கு மூத்தது. அண்ணை அளவுமானியைப் பொருத்தி, வெட்டும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். முள் அசைந்ததாகவே தெரியவில்லை, தண்டில் தேய்வு இல்லை. மேசையின் நீளத்துக்கும் பிடித்துப் பார்த்தார். நடுவில் மட்டும் கொஞ்சம் தேய்வு. அண்ணையின் காது சிவந்திருந்தது. அவருக்கு ஆசை வந்தால் அப்படித்தான்.

"ஐயா, ஒரு துண்டு வெட்டிக் காட்டுவியளே?" என்று கேட்டேன்.

"கரண்ட் வரட்டும் பிள்ளை."

மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்த நேரத்தில் நான் மெசினோடு வந்த புத்தகத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். மதியம் அக்கா சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் தந்தார்.

பிற்பகல் 2.40க்குக் கொட்டகை விளக்கு எரிந்தது. ஐயா ஓடினார். அதுவரை மெசினைக் குறை சொன்ன மனிதர், நாடாவின் தூசியை ஊதித் துடைத்துப் பொருத்தினார். பெட்டி கடகடவென்று நாடாவை வாசித்தது. மேசை தானாக நகர்ந்து, அலுமினியக் கட்டியில் ஒரு வட்டத்தை வெட்டத் தொடங்கியது. யாரும் கை வைக்காமல் அந்த வட்டம் வருவதைப் பார்த்து அண்ணை "யேசுவே" என்றார்.

வட்டம் முக்கால்வாசி வந்தபோது கரண்ட் நின்றது.

வெட்டும் கத்தி கட்டிக்குள் இறுகி நின்றது. பதினைந்து நிமிடத்தில் மின்சாரம் திரும்ப வந்தது. ஆனால் பெட்டிக்குத் தான் எங்கே நின்றது என்பது மறந்துபோயிருந்தது. ஐயா எவ்வளவோ செய்து பார்த்தார். மீண்டும் ஓட்டியபோது மேசை வேறு பக்கம் இழுத்து வட்டத்துக்குக் குறுக்கே ஒரு காயம் போட்டது. அவர் நிறுத்திவிட்டு, கட்டியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நான் ஒரு படத்தைப் பார்த்து வைத்திருந்தேன். அதே உடம்போடு சாதாரண மில்லிங் மெசின் ஒன்றும் அந்தத் தொழிற்சாலை செய்திருக்கிறது. மேசையை நகர்த்தும் திருகுத் தண்டுகளின் முனையில் இதற்கு மோட்டர், அதற்குக் கைச்சக்கரம். வேறு வித்தியாசம் பெரிதாக இல்லை.

"ஐயா, பெட்டியையும் இந்த மோட்டர்களையும் கழட்டிப்போட்டு கைச்சக்கரம் போட்டா?"

அவர் முகம் மாறியது. "பெட்டி இல்லாட்டி இது என்ன மெசின் பிள்ளை? ஆரும் வைச்சிருக்கிற மெசின்."

"எங்களிட்டை அதுவும் இல்லையே ஐயா" என்றார் அண்ணை.

ஐயா பெட்டியின் மேல் கையை வைத்தார். பிறகு, "கழட்டுறதெண்டா நான்தான் கழட்டுவன். பெட்டி இங்கை நிக்கும்" என்றார். அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டார்.

4.30க்கு வெளிக்கிட்டோம். மல்லாகம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணை, "அப்ப வேண்டச் சொல்லுறாய்" என்றார்.

"மெசினைப் பற்றிக் கேட்டா, பெட்டி இல்லாமல் வேண்டலாம். நீங்கள் போறதைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ. அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

அவர் பிஸ்கற் ரின்னைத் திறந்து மூடினார். "நான் நிக்கிறன்" என்றார். "மெசினுக்காக இல்லை. எனக்குப் போக விருப்பமில்லை. அம்மாட்டை அதைச் சொல்லப் பயம்."

ரின்னை நான் வாங்கிக்கொண்டேன். 5.25க்கு மினி பஸ், இருட்டுவதற்குள் வீடு.

இரண்டு கிழமையில் உழவு இயந்திரத்தின் இழுவையில் மெசின் குருநகர் வந்தது. கப்ளிங் ஒன்று நாற்பது நிமிடத்தில் முடிந்தது. தொண்ணூறில் மின்சாரம் முற்றாக நின்றபின், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற என்ஜினைப் பெல்ட்டால் பூட்டி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பெட்டி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்த வருடந்தான் ஐயாவும் அக்காவும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். மகளிடம் போகும் பயணம் சரிவரவில்லை. ஐயா ஒரு நாள் பட்டறைக்கு வந்து, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். அண்ணை எழும்பி இடம் விட்டார். ஐயா கைச்சக்கரத்தைப் பிடித்து ஒரு தண்டில் பள்ளத்தை மெதுவாக வெட்டி முடித்தார்.

"இதை நான் ஒருக்காலும் கையாலை ஓட்டினதில்லை" என்றார். பிறகு இன்னொரு தண்டு கேட்டார்.

95 ஐப்பசியில் இராணுவம் நெருங்கி எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது மெசினைத் தூக்க வழியில்லை. மேசைக்குத் தடிப்பாகக் கிறீஸ் பூசி, சாக்கால் மூடிவிட்டுப் போனோம்.

நீங்கள் மெசின் பார்க்கப் போவதென்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அது வெட்டுவதைக் கண்ணால் காணாமல் திரும்பாதீர்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில். இலத்திரனியல் பகுதி செத்தாலும் மிஞ்சுகிற இரும்பு உங்களுக்குப் பயன்படுமா என்று யோசியுங்கள், பயன்படுமென்றால் அந்த இரும்புக்குரிய விலையை மட்டும் பேசுங்கள். அளவு பார்க்கத் தெரிந்த ஒருவரையும் புத்தகம் வாசிக்கப் பொறுமை உள்ள ஒருவரையும் கூட்டிப் போங்கள். வேறு ஏதாவது முடிவை மெசினின் தலையில் கட்ட நினைத்திருந்தால், அதைப் போகுமுன் வீட்டிலேயே பேசி முடியுங்கள்.

அண்ணை மெசினுக்காக நிற்கவில்லை என்று அவரே சொன்னார். நான் நம்பினேன். அம்மா கடைசிவரை நம்பவில்லை. அந்த வருடங்களில் பட்டறைக்கு வந்தால் அந்தப் பச்சை மெசினை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அண்ணைக்குச் சாப்பாட்டுப் பொதியைக் கொடுப்பார்.