ஒன்பது பேண்ட் ரேடியோ

கடைக்காரர் ஏரியலை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சிகரெட் பெட்டி அளவு ரேடியோவுக்குள் அவ்வளவு நீளக் கம்பி. "ஒன்பது பேண்ட், பாஸ். உலகமே உங்க பாக்கெட்ல" என்றார். பிரிக்பீல்ட்ஸ் கடை வாசலில் நின்றபடியே முடிவு செய்துவிட்டேன், பக்கத்தில் நின்ற மாமாவுக்கு இதுதான் என்று. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். மின்னணுவியல் பத்திரிகை ஒன்றை அட்டை கிழியும்வரை வாசித்திருந்தேன். அதனாலேயே வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள்.

மாமா என்பது அக்காவின் கணவர். ரயில் தண்டவாள வேலையாட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அவர் கேட்டதெல்லாம் எளிமையானது. "சட்டைப் பையில அடங்கணும்பா. கையுறையோட திருப்ப முடியணும். நம்ம தமிழ் ஸ்டேஷன் பத்துப் பேருக்குக் கேக்கணும். அவ்வளவுதான்." பத்துப் பேர் என்றது அவருடைய ஆட்களை. பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்தவரை அந்தப் பத்துப் பேரும் வேலை நேரத்தில் வேடிக்கை என்ற பெயரில் குத்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு மகள் பிறந்தாள். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு வானொலி வாழ்த்து நிகழ்ச்சிக்கு அக்கா அட்டை எழுதிப் போட்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் பெயர் வாசிப்பார்கள். அதை அவர்கள் காதாலேயே கேட்கட்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. ரேடியோ வாங்கியதே அதற்குத்தான்.

அவர் கேட்டது மாதிரியே ஒன்று கடையில் இருந்தது. ஒரே பேண்ட், தோல் உறை, பெரிய திருகு. பையில் போட்டால் கொஞ்சம் துருத்தும், ஆனால் போடலாம். "செங்கல்லைச் சுமந்துட்டுத் திரியணுமா மாமா?" என்று சிரித்தேன். கடை வாசலில் இரண்டையும் பாடவிட்டுப் பார்த்தோம், இரண்டுமே நன்றாகப் பாடின. நகரத்தின் நடுவில் எந்த ரேடியோதான் பாடாது? அது எனக்குத் தோன்றவில்லை. எனக்குக் கொழும்பும் லண்டனும் கேட்க வேண்டும். அந்த ஆசைக்கு மாமாவின் பெயரை வைத்தேன், அவ்வளவுதான்.

பிறந்தநாளன்று அக்கா கொடுத்த கேசரித் தூக்குடன் போனேன். செந்தூலைத் தாண்டிப் பத்துமலைப் பக்கம் போகும் தண்டவாளப் பாதையில், மண்மேட்டை ஒட்டிய மர நிழலில் மாமாவும் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கவிழ்த்த வாளி மேல் ரேடியோ. இரைச்சல் மட்டும் வந்தது. மாமா கையுறையைக் கழற்றிவிட்டு, ஸ்டேஷன் பிடிக்கும் அந்த நூல்போல மெல்லிய சக்கரத்தைத் தடித்த விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கடல் சத்தம் நல்லாக் கேக்குதுலா மண்டோர். போர்ட் கிள்ளானா?" என்றார் ஒருவர்.

"பன்னெண்டு வருஷம் காத்திருந்தவரு, பத்து நிமிஷம் காத்திருக்க மாட்டாரா?" என்றார் இன்னொருவர்.

நான் பாய்ந்து போய் வாங்கினேன். ஏரியலை முழுக்க நீட்டினேன், ஒவ்வொரு பேண்டாகத் தட்டினேன். எங்கிருந்தோ சீனச் செய்தி ஒன்று பளிச்சென்று வந்தது. பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. "ரேடியோ நல்ல ரேடியோதான். மாமாவுக்குத் திருப்பத் தெரியல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாப்பா, என் கைக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று எழுந்து கேசரியைப் பங்கு வைக்கத் தொடங்கினார்.

மாலையில் வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள். "கேட்டீங்களா? உங்க பேரு, பாப்பா பேரு, எல்லாம் வாசிச்சாங்க." மாமா குழந்தையைத் தூக்கினார். "கேட்டோமே. எல்லாரும் கேட்டோம்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுவாரம் ரேடியோவை என்னிடமே கொடுத்துவிட்டார். திறந்து பார்த்தேன். தமிழ் ஸ்டேஷன் வருகிற மீடியம் வேவைப் பிடிப்பது வெளியே நீட்டுகிற கம்பி இல்லை, உள்ளே இருக்கும் கறுப்புக் கட்டை. அது நீளமாக இருந்தால்தான் தூரத்தில் பிடிக்கும். ஒன்பது பேண்டையும் அடக்குவதற்காக அதைச் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுக்கு நறுக்கியிருந்தார்கள். யார் திருப்பியிருந்தாலும் அந்த மேட்டடியில் வந்திருக்காது. அன்றே புரிந்துவிட்டது. அன்றே போய்ச் சொல்லவில்லை. படித்தவன் தப்பாக வாங்கினான் என்பதைவிட, மண்டோருக்குத் திருப்பத் தெரியவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. மாமா இப்போது கிள்ளானில் இருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு ரேடியோவும் வாங்கவில்லை. யாராவது சொன்னால், "எனக்குத் திருப்பத் தெரியாதுப்பா" என்பார். இரும்போடு இரும்பு மோதுகிற சத்தத்திலேயே காலம் தள்ளியதில் காதும் மந்தமாகிவிட்டது. போன மாதம் நல்ல ரேடியோ ஒன்று தேர்ந்தெடுத்தேன். பெரிய திருகு, ஒரே பேண்ட். கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது, யாருக்கு இது? வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பழைய ரேடியோ மேசை மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போகிறேன். நான் சொல்வது அவர் காதில் விழாமல் போகலாம். கண் நன்றாகத் தெரிகிறது. அக்காவும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது ரேடியோவின் முதுகைத் திறந்து, அந்தக் கறுப்புக் கட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.