நாளைய திகதியில் வந்த படம்

கனகரத்தினத்தைப் பற்றி எழுத இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு எனக்குப் பாடம் சொல்லித்தர ஒருவரும் வரவில்லை, நானும் தேடிப் போகவில்லை. பிறத்தியாருடைய மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றியவன் இன்று இரண்டு நெல் மில்லுக்கும் மூன்று உழவு மெசினுக்கும் சொந்தக்காரன். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் இந்தப் பக்கம் விளைகிற நெல் என் மில்லுக்குள் போகாமல் அரிசியாவதில்லை. அப்படிப்பட்ட நான் மெனக்கெட்டு இருந்து ஒருவனைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அவனிடம் ஏதோ இருக்கத்தானே வேண்டும்.

அவன் என்னைவிட ஆறு வயது இளமை. குளத்தில் துருசு திறக்கிற வேலை பார்த்தவன். துருசு என்றால் வயலுக்குத் தண்ணீர் விடுகிற கதவு. முப்பத்தொரு வருடம் அந்தக் கதவைத் திறந்தான், மூடினான். இடையில் சண்டைக் காலத்தில் எல்லாரையும்போல ஓடினான். ஓடின இடத்தில் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகன் பிரணவன் பிரான்சில். வேலையால் நின்ற பிறகு ஊருக்குள் வந்து இரு என்று நானே கூப்பிட்டேன், மில்லடியில் ஓர் அறையும் தருகிறேன் என்றேன். வரவில்லை. குளக்கட்டுக்குக் கீழே, பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், ஒற்றை அறை வீடு. அடுத்த வீட்டுக்குப் போவதென்றால் முக்கால் மைல் நடக்க வேண்டும்.

மகன் ஒரு நல்ல போன் அனுப்பியிருந்தான். முதலில் ஞாயிறு தவறாமல் பேரப்பிள்ளையைக் காட்டினான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு தீபாவளிக்கு மட்டும். போன் மட்டும் புதிதுபோலவே இருந்தது, அவன் அதை ஒரு துவாயில் சுற்றி வைத்திருப்பான்.

அந்தப் போனுக்கு ஒரு வேலை கொடுத்தது அபிசா என்ற பிள்ளை. மன்னார் ரவுணில் ஒரு நிவாரண அமைப்பில் வேலை. வெள்ளம் வந்தால் அரிசி, பாய், மருந்து கொடுப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவளுடைய வேலை வட்ஸ்அப்பில் வருகிற பொய்களைப் பிடிப்பது. இது என்ன வேலை என்று அவள் ஊரில் வைத்த முதல் கூட்டத்தில் நான் சிரித்தேன். அதற்கு முந்திய மாரியில் நிவாரணப் பொதி கொடுக்கிறார்கள் என்று யாரோ அனுப்பிய பொய்யை நம்பி நானூறு பேர் கைக்குழந்தைகளோடு ஒரு பூட்டின கட்டடத்துக்கு முன்னால் மழையில் நின்றதை அவள் சொன்னாள். கிணற்றுத் தண்ணீருக்குப் போடுகிற குளோரின் குளிசையால் பிள்ளை பிறக்காது என்று ஒரு குரல் பதிவு சுற்றியதையும், குளிசையை எறிந்துவிட்டு வயிற்றோட்டத்தில் படுத்தவர்களையும் சொன்னாள். நான் சிரிப்பை நிறுத்தினேன்.

சந்தேகமான செய்தி வந்தால் ஓர் இலக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் விசாரித்து, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி குரலில் பதில் போடுவாள். அதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண் வேண்டும். குளத்துக்கு என்னைத்தான் முதலில் கேட்டார்கள். எனக்கு நேரமில்லை. கனகரத்தினத்தைக் காட்டிவிட்டேன்.

அவன் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. காலையும் மாலையும் துருசடியில் நிற்கிற அளவுக் கம்பத்தைப் படம் எடுப்பான். வெறும் படம் எடுத்தால் நேற்றையதா இன்றையதா என்று கேட்பார்கள் அல்லவா? நாட்கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் கொண்டுபோய்க் கம்பத்தோடு பிடித்துக்கொண்டு எடுப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தது. அந்தக் கலண்டர் என் மில்லுடையது. வருடா வருடம் அறுநூறு அடித்து என் படத்தோடு ஊருக்குக் கொடுக்கிறவன் நான்.

மாரியில் அந்தப் படத்தை எல்லாரும் பார்ப்பார்கள். வெயில் காலத்தில் யாருக்கு வேண்டும்? ஊர் வட்ஸ்அப் குழுவில் அவனுடைய கம்பமும் தாளும் மட்டும் வரிசையாகக் கிடக்கும். ஒருவரும் ஒரு சொல் எழுதுவதில்லை, நானும் எழுதவில்லை. அபிசா மாத்திரம் 'நன்றி ஐயா' என்று போடுவாள். அது வந்த பிறகுதான் காலைத் தேத்தண்ணியை வாயில் வைப்பதாக ஒருநாள் என்னிடம் சொன்னான். சில நாள் பத்து மணி ஆகுமாம்.

போன மாரியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளப் பக்கத்து அறுபத்து மூன்று குடும்பங்கள் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஏறியிருந்தன. என்னுடையது மேல்வீடு, நான் அசையவில்லை. புதன்கிழமை காலை ஒரு வீடியோ வந்தது. பெரிய குளக்கட்டு ஒன்று நடுவால் பிளந்து தண்ணீர் பாய்கிறது. 'கட்டுக்கரை உடைஞ்சிட்டுது, ரெண்டு மணித்தியாலத்தில பள்ளிக்கூடமும் முங்கும், ஓடுங்கோ' என்று தமிழில் ஒரு குரல். ஊர்க் குழு அடுப்பில் வைத்த சட்டிபோலக் கொதித்தது. அதற்குள் கனகரத்தினத்தின் படம் வந்தது. தண்ணீர் முதல்நாளைவிட மூன்று அங்குலம் மேலே, உடைந்த குளமென்றால் வற்றியிருக்க வேண்டும். பக்கத்தில் கலண்டர் தாள்.

தாளில் வியாழக்கிழமை.

அதை முதலில் கண்டது நான்தான். என் கண்ணுக்கு இன்னும் கண்ணாடி இல்லை. கண்டவன் சும்மா இருந்தேனா? போனை வாயடியில் பிடித்துப் பேசினேன்.

"பொடியள், கனகரத்தினத்தாருக்கு வயசோட மூளையும் போட்டுது. இண்டைக்குப் புதன். ஆள் வியாழக்கிழமைப் படம் அனுப்பியிருக்கிறார். நாளைக்குக் குளம் எப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்கே தெரியுமெண்டால் ஆளைக் கோயிலில வைச்சுக் கும்பிடலாம்!"

முப்பது பேர் சிரித்த முகம் போட்டார்கள். நான் சாப்பிடப் போனேன். சோற்றில் கை வைக்க அபிசா போன் எடுத்தாள்.

"ஐயா, உங்கட வொயிஸ் எனக்கு மூண்டு பக்கத்தால வந்திட்டுது."

"என்ர குரல் அப்பிடித்தான் பிள்ளை. எங்கயும் போகும்."

"பகிடி இல்லை ஐயா. அந்தக் கட்டு உடையிற வீடியோவை நிப்பாட்டிப் பாத்தனீங்களோ? கட்டு நெடுக லைட் கம்பம் நிக்குது. எங்கட குளக்கட்டில லைட் கம்பம் இருக்கோ?"

அறுபது வருடம் நடந்த கட்டு. "இல்லை" என்றேன்.

"அதில ஒரு படத்தை வெட்டி இன்ரநெற்றில தேடினன். ஆறு வருசத்துக்கு முந்தி வேற நாட்டில எடுத்தது. சத்தத்தை மட்டும் ஆரோ புதுசா ஒட்டியிருக்கினம்."

"அப்ப அவன் ஏன் நாளைய திகதி போட்டவன்?"

"கேட்டனான். கலண்டர் ஈரத்தில ஊறி, நேற்றுக் கிழிக்கேக்கயே ரெண்டு தாள் ஒண்டா வந்திட்டுதாம். மழைக்க ஓடேக்க ஐயா கவனிக்கேல்லை."

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். இந்த வருடம் மெல்லிய தாளில் அடி, காணும் என்று அச்சகக்காரனிடம் சொன்னவன் நான்.

"நான் திருத்தி வொயிஸ் போட்டிட்டன். ஆக்கள் கேக்கினமில்லை. மில்லுக்கார அண்ணையே படம் பொய் எண்டு சொல்லிட்டார், அப்ப உடைஞ்சது உண்மைதானே எண்டு கதைக்கினம். பள்ளிக்கூடத்தில இருந்து வெளிக்கிட்டிட்டினம் ஐயா. தாம்போதியில இடுப்பளவு தண்ணி இழுக்குது. நீங்கள் போனால்தான் நிப்பினம்."

தாம்போதி என்பது ஆற்றுக்குக் குறுக்கே தாழப் போட்ட கொங்கிறீட் பாதை. மெயின் ரோட்டுக்கு ஏற வேறு வழி இல்லை. அந்தத் தண்ணீரில் ஒரு பிள்ளையின் கை நழுவினால் பிறகு தேடியும் பயனில்லை.

எழுபத்து நாலு வயதில் அந்த மழையில் உழவு மெசின் எடுக்க இந்த மாவட்டத்தில் வேறு ஒருவன் இருந்தால் காட்டுங்கள். போய், தாம்போதி வாயில் குறுக்கே விட்டு நிறுத்தினேன். சனம் தலையில் மூட்டையோடு வந்து நின்றது. முன்னுக்கு அன்னப்பிள்ளை, அவளுடைய கையில் ஆட்டுக்கயிறு.

"வழியை விடுங்கோ. மேல்வீட்டில இருக்கிற உங்களுக்கென்ன? நாங்களெல்லோ முங்கிச் சாகிறது."

"கட்டு உடையேல்லை அன்னப்பிள்ளை. கனகரத்தினம் அனுப்பினது சரியான படம்."

"காலமை அந்தாளுக்கு மூளை இல்லை எண்டு சொன்னது உந்த வாயோ, வேற வாயோ?"

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"இந்த வாய்தான். நான் சொன்னது பிழை."

"மழைச் சத்தத்தில கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ."

இரண்டாந்தரம் கத்திச் சொன்னேன். என் கலியாணத்துக்குப் பிறகு நான் யாருக்கும் அப்படிச் சொன்னது கிடையாது. அப்படியும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வாயால் கெடுத்ததை வாயால் மட்டும் கட்ட முடியவில்லை.

அப்போது அபிசா கனகரத்தினத்தை வீடியோவில் இணைத்து என் போனுக்கு விட்டாள். பொலித்தீன் பைக்குள் போனை வைத்து உயர்த்திப் பிடித்தேன். நனைந்த தலை, பின்னால் கோயில். குளக்கட்டுப் பக்கம் அந்தக் கோயிலடியில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும்.

"அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ. ரெண்டு நாளாக் கரண்ட் இல்லை. நாலு வீதம்தான் சார்ஜ் கிடக்கு." சொல்லிக்கொண்டே போனைத் திருப்பிக் கட்டு நெடுகக் காட்டினான். உடையாத கட்டு. லைட் கம்பம் இல்லாத கட்டு.

"இதுவும் பழைய வீடியோவா இருக்கும்," என்றாள் அன்னப்பிள்ளை. "அந்தப் பிள்ளையார் மணியை இப்ப அடிக்கச் சொல்லுங்கோ. ஐஞ்சு தரம்."

அவனுக்குக் கேட்டுவிட்டது. "ஐஞ்சோ அக்கா?"

"ஓம், ஐஞ்சு. குறைஞ்சுதோ, நான் போயிடுவன்."

அவன் மணிக் கயிற்றைப் பிடித்தான். ஒன்று. இரண்டு. சனம் முழுவதும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தது. மூன்று. நாலு. திரை கறுத்தது. அவன் பக்கத்தில் சார்ஜ் முடிந்துவிட்டது.

நான் அன்னப்பிள்ளையைப் பார்த்தேன். அவள் ஆட்டைப் பார்த்தாள்.

"அவன் நாலோட நிக்கிற ஆள் இல்லை," என்றாள். "மற்றதை அங்க அடிச்சிருப்பான். வாங்கோ போவம்." கயிற்றை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். மற்றவர்களும் திரும்பினார்கள். பின்னேரம் தாம்போதிக் கரையில் நிற்கிற கட்டைகளுக்கு மேலால் தண்ணீர் போனது. குளக்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மற்றநாள் மழை விட்டது. சனம் வீட்டைக் கழுவப் போனது. அபிசா கனகரத்தினத்துக்கு எடுத்துக்கொண்டே இருந்தாள், போன் செத்துக் கிடந்தது. அவன் பக்கத்துப் பாதையை வெள்ளம் வெட்டியிருந்தது. மூன்றாம் நாள் மெசினால் போயிருக்கலாம். என் மில்லில் நெல் நனைந்து கிடந்தது, அதைப் பார்த்தேன். ஐந்தாம் நாள்தான் போனேன்.

அவன் அடுப்படியில் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டு நின்றான். தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் பானையைப் பிடித்தபடியே கேட்டான்.

"ஆக்கள் போனவையோ, அண்ணை?"

எனக்கு விளங்கவில்லை. "எங்க?"

"தாம்போதியால."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அவனுடைய போன் நின்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

"உனக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையோ?"

"ஆர் வந்து சொல்லுறது? ரெண்டாம் நாள் ஹெலி ஒண்டு வந்து அந்தப் பக்கம் சுத்திச் சுத்திப் போச்சுது. பிரேதம் தேடுறாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

அது சாப்பாட்டுப் பொதி போட வந்த ஹெலி. நான் கீழே நின்று கைகாட்டியிருந்தேன்.

"போகேல்லையடா. ஒருத்தரும் போகேல்லை."

பானையைக் கீழே வைத்தான். பிறகு ஒருவனுக்கு என்று சமைத்த சோற்றை இரண்டு கோப்பையில் போட்டான். நான் சாப்பிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனாலும் இருந்தேன்.

"அன்னப்பிள்ளையக்கா?"

"இருக்கிறா. ஆடும் இருக்கு."

"லக்சிகாவின்ர கைக்குழந்தை?"

"இருக்கு."

"துஷாந்தன் வீட்டுக் கிழவர்? அவருக்கு நடக்கேலாதெல்லே."

"ஓம், அவரும்."

அப்படி அறுபத்து மூன்று குடும்பத்தையும் வீடு வீடாக, ஆள் ஆளாகக் கேட்டான். இத்தனை பேரையும் அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவனுடைய வீட்டுக்கு அவர்களில் யார் வந்து போயிருக்கிறார்கள்? நான் ஒவ்வொரு பேருக்கும் பதில் சொன்னேன். சொல்லி முடிய மூன்று மணி கடந்துவிட்டது, இரண்டு கோப்பையிலும் சோறு காய்ந்துபோய்க் கிடந்தது.