சோற்றுப் பருக்கையில் உட்கார்ந்த பட்டாம்பூச்சி

பொதுமக்கள் கவனத்திற்கு: எங்க மாமா மகன் செந்தில் இன்று முதல் பட்டாம்பூச்சிப் புகைப்படக் கலைஞர்.

ஜன்னலோரம் செத்துக் கிடந்த பட்டாம்பூச்சியைச் சோற்றுப் பருக்கையால் செம்பருத்தியில் ஒட்டிவிட்டு அவனைக் கூப்பிட்டேன். பூச்சியை வச்சே பூச்சி காட்டின முதல் ஆள் நான்தான்!

போனோடு தோட்டத்தில் குப்புற ஊர்ந்து வந்தான். கட்டெறும்பு கடித்தும் அசையவில்லை.

"ஏலே, சிரிக்காத. பறந்துரும்."

"இன்னும் கிட்டப் போ லே. பழகின பூச்சிதான்."

அவன் மூச்சுக்காற்று பட்டதும் பூச்சி கீழே விழுந்தது.

கையில் ஏந்திக்கொண்டு, "நான் கிட்ட வந்த பயத்துலயே செத்துட்டுலே" என்று அழுதான்.

குழி தோண்டிப் புதைத்தான். பூப்போட்டு நானும் அழுதேன்.

அது நடிப்புன்னு பீத்திக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நடிப்பில்ல வே.

அவன்கிட்ட உண்மையை யாரு சொல்லுதிய? எனக்கு வாய் வரல.