வெறுந்தரையில் ஒரு மெழுகுவர்த்தி

1969-இல் ஓசூரில் மதுவிலக்கு. நான் எல்லை தாண்டி, மைசூர் மாநிலத்து அத்திப்பள்ளிக்குப் போய்க் குடிப்பேன். மனைவி ஸ்தெல்லாவை அடக்கம் செய்த அன்றும் குடித்திருந்ததால், அவளுடைய குழிமேடு எதுவென்றே எனக்குத் தெரியாது.

அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று, மாலைப் பனிமூட்டத்தில், இன்னும் ஏற்றாத மெழுகுவர்த்தியோடு மேடு மேடாகத் தேடினேன். ஓரிடத்தில் என் கொழுந்தியாள் மண்டியிட்டிருந்தாள். எதிரே ஸ்தெல்லாவின் மேட்டில் ஒரு சுடர். பக்கத்தில், யாரையும் புதைக்காத வெறுந்தரையிலும் ஒரு சுடர்.

"இது யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் மாமா," என்றாள், திரும்பாமலே. "'அவரு செத்தவராட்டம் திரியறாரு. ஏசுசாமி எழுப்பற வரைக்கும் அவருக்கும் ஒண்ணு ஏத்து'ன்னு அக்கா சாகறப்போ சொல்லுச்சு."

எனக்கான சுடர் காற்றில் படுத்து, அணையாமல் எழுந்தது. அதிலிருந்தே என் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து ஸ்தெல்லாவின் மேட்டில் நட்டேன்.

செத்துப் புதைத்த லாசரை ஏசு எழுப்பிய கதையை அதன்பின் நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கல்லறையிலிருந்து நானும் நடந்துதான் வீடு வந்தேன்.